மூச்சை அடக்கக் கூடாத இடம்

கிணற்றில் நீச்சல் பழகியவர்களிடம் ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். தண்ணீருக்குள் போகும் முன் முதலில் என்ன செய்ய வேண்டும்? எல்லோரும் ஒரே பதிலைத்தான் சொல்வார்கள். மூச்சை நன்றாக இழுத்து அடக்க வேண்டும். பதில் சரிதான். ஆனால் அதே பதில் ஓர் இடத்தில் ஆளையே கொன்றுவிடும்!

சங்கரன்கோவில் பக்கத்து ராயகிரி இளைஞர் அவர். கடல் வேண்டுமென்றால் தூத்துக்குடிக்குச் சுமார் நூறு கிலோமீட்டர் போக வேண்டும். ஊரில் இருப்பதெல்லாம் தோட்டத்துக் கிணறுகள். இடுப்பில் சுரைக்குடுக்கையைக் கட்டி இறக்கிவிட்டவர் அவருடைய சித்தப்பா. "மூச்ச நல்லா அடக்குல, கண்ணத் தொறந்து பாரு" என்பதுதான் ஒரே பாடம். கிணற்றில் வாளி விழுந்தால் முங்கி எடுத்து வர அவரைத்தான் கூப்பிடுவார்கள்.

பிறகு சிங்கப்பூரில் வேலை கிடைத்தது. ஒரு விடுமுறையில் நண்பர்களோடு இந்தோனேசியாவின் பாலித் தீவுக்குப் போனார். அங்கே துலாம்பென் என்ற சிற்றூரில் கரையிலிருந்தே நடந்து இறங்கிப் பார்க்கக்கூடிய கப்பல் ஒன்று மூழ்கிக் கிடக்கிறது. இது அபூர்வம். மட்டக்களப்புக்கு அப்பால் 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானியர் மூழ்கடித்த ஹெர்மிஸ் போர்க்கப்பலைப் பார்க்கப் படகில் போய், 50 மீட்டருக்கும் கீழே இறங்க வேண்டும். புதியவர்களால் அது முடியாது.

துலாம்பென் கப்பலின் பெயர் லிபர்ட்டி. அமெரிக்க ராணுவத்தின் சரக்குக் கப்பல், சுமார் 125 மீட்டர் நீளம். 1942 ஜனவரி 11 அன்று ஜப்பானிய நீர்மூழ்கி ஒன்றின் டார்பிடோ தாக்கியது. இழுத்துச் செல்லும்போதே தண்ணீர் ஏறியதால் துலாம்பென் கரையில் ஏற்றிவிட்டார்கள். இருபத்தோரு வருடம் கரையிலேயே கிடந்தது. 1963-இல் அகுங் எரிமலை வெடித்தபோது ஏற்பட்ட அதிர்வில் கடலுக்குள் சரிந்தது. இன்று அதன் மேல்பகுதி சில மீட்டர் ஆழத்திலும் அடிப்பகுதி 30 மீட்டர் அளவிலும் இருக்கிறது.

கரை முழுக்க உருண்டைக் கருங்கற்கள். ஊர்ப் பெண்கள் சிலிண்டர்களைத் தலையில் வைத்துச் சாதாரணமாக நடந்து வருகிறார்கள். அந்தச் சிலிண்டரில் இருப்பது ஆக்சிஜன் என்று பலரும் நினைக்கிறார்கள். பொதுவாக அதில் இருப்பது நாம் சுவாசிக்கும் அதே காற்றுதான், அழுத்தி அடைத்தது.

சிக்கல் அங்கேதான். தண்ணீருக்கு மேலே அழுத்தம் 1 மடங்கு என்றால் 10 மீட்டரில் 2, 20 மீட்டரில் 3, 30 மீட்டரில் 4. கிணற்றில் முங்குகிறவர் மேலே இழுத்த காற்றோடு போகிறார். அது கீழே சுருங்கி, மேலே வரும்போது பழைய அளவுக்குத் திரும்பும். ஆபத்தில்லை. சிலிண்டர்க்காரரோ கீழே அழுத்தமான காற்றை நுரையீரல் நிறைய இழுக்கிறார். 10 மீட்டரில் மூச்சை அடக்கிக்கொண்டு மேலே வந்தால் அந்தக் காற்று இரண்டு மடங்காக விரியும். நுரையீரல் கிழிந்துவிடும். 30-லிருந்து 20-க்கு ஏறினால் விரிவது மூன்றில் ஒரு பங்கு மட்டுமே. அதாவது, ஆழம் குறைந்த இடத்தில்தான் மாற்றம் அதிகம்! "பக்கத்தில்தானே, ஆழமில்லையே" என்ற நினைப்புதான் ஏமாற்றுகிறது.

பயிற்சியாளர் இதையெல்லாம் மூன்று நாள் சொல்லிக் கொடுத்திருந்தார். இளைஞரும் தலையாட்டியிருந்தார். கப்பலின் பக்கவாட்டில், பவளமும் கடற்பஞ்சும் மூடிய இரும்பை ஒட்டி நீந்தும்போது, முகமூடிக்குள் திடீரென்று தண்ணீர் புகுந்தது. கண் தெரியவில்லை. அந்த நொடியில் மூன்று நாள் பாடம் போய்விட்டது, பதினைந்து வருடக் கிணறு வந்துவிட்டது. மூச்சை அடக்கினார். காலை உதைத்து மேலே கிளம்பினார்.

பயிற்சியாளர் அவர் தோள்பட்டியைப் பிடித்து நிறுத்தினார். முகத்துக்கு நேரே வந்து, தன் வாயிலிருந்து விரல்களை முன்னே விரித்துக் காட்டினார். ஊது! ஊதினார். குமிழிகள் கிளம்பின. மூக்கால் ஊதி முகமூடித் தண்ணீரையும் வெளியேற்றினார். கப்பல் மறுபடி தெரிந்தது.

மூச்சை அடக்கத் தெரிந்தது அவருடைய குறையல்ல. கிணற்றில் எத்தனையோ முறை அவரைக் காத்த திறமை அது. ஆனால் ஓரிடத்தில் காத்த பழக்கம் இன்னோரிடத்திலும் காக்கும் என்று நம்பிவிடக் கூடாது. புதிய பாடத்தைக் கேட்டால் மட்டும் போதாது, பழையதை முந்திக்கொண்டு வரும் அளவுக்குப் பழக வேண்டும்.

அன்று இரவு சித்தப்பாவுக்குப் போன் செய்தார்.

"கப்பலப் பாத்தியால? எவ்வளவு நேரம் மூச்சடக்குன?"

"அடக்கவே கூடாதாம் சித்தப்பா. ஒரே ஒரு தடவ அடக்குனேன். அதுக்குத்தான் பிடிச்சு நிறுத்திட்டாங்க."