எந்த இடத்தில் அறுந்தது?

ஜூன் 9, திங்கள்

அச்சகத்துக்கு மெய்ப்பு அனுப்பும் நேரம் பார்த்து நெட் போய்விட்டது. கணினித் திரையின் ஓரத்தில் வைஃபை குறி மட்டும் முழுதாக நிற்கிறது. அந்தக் குறி ரௌட்டர் வரைக்கும்தான் சாட்சி. அதற்கு அப்பால் மொட்டைமாடி, தெருக்கம்பம், இணைப்பகம் என்று போகும் பாதையைப் பற்றி அதற்கு எதுவும் தெரியாது.

கொழுந்தனார் போனில் சொன்னார்: "மதினி, பெட்டிக்குப் பின்னாடி சின்ன ஓட்டை இருக்கும். குண்டூசிய வச்சு அழுத்துங்க, சரியாயிரும்."

நான் அதைத் தொடவில்லை. அது ரீசெட். உள்ளே பதிந்திருக்கும் இணைப்பின் பயனர்பெயர், கடவுச்சொல் எல்லாம் அழிந்து, ஒரு கோளாறு இரண்டாகிவிடும். ஸ்விட்சை அணைத்து, சற்றுப் பொறுத்துப் போட்டேன். வந்தது, அரைமணியில் மறுபடி போனது.

ஜூன் 10, செவ்வாய்

இன்று பாதையைத் துண்டு துண்டாகப் பிரித்துப் பார்த்தேன். வைஃபையைக் கணக்கிலிருந்து விலக்க, முதலில் லேன் வயரைச் செருகினேன். கறுப்புத் திரையைத் திறந்து ஐபிகான்ஃபிக் கட்டளை கொடுத்ததும் 192.168.1.5 என்று முகவரி வந்தது. 169.254 என்று தொடங்கியிருந்தால் ரௌட்டர் முகவரியே தரவில்லை என்று அர்த்தம். அந்தச் சிக்கல் இல்லை.

அடுத்து ரௌட்டருக்கு, அதாவது 192.168.1.1-க்கு, பிங். ஒரு மில்லிசெகண்டில் பதில் வந்தது. பிறகு கூகுளின் 8.8.8.8-க்கு. நாலைந்து பதில்கள், அப்புறம் வரிசையாக 'டைம்டு அவுட்'. வீட்டுக்குள் எல்லாம் நலம். ரௌட்டரைத் தாண்டித்தான் அறுகிறது.

இந்தப் பிங் எனக்கு மிகப் பிடித்த கருவி. 1983 டிசம்பரில், அமெரிக்க ராணுவத்தின் ஆய்வுக்கூடம் ஒன்றில், மைக் மூஸ் என்பவர் தம் நெட்வொர்க்கில் ஏதோ வினோதக் கோளாறைத் துரத்தும்போது ஒரே இரவில் எழுதியது. கடலடியில் ஒலியை அனுப்பி எதிரொலி கேட்கும் சோனாரின் சத்தத்தையே பெயராக வைத்தார். அங்கே இருக்கிறாயா என்று ஒரு கேள்வி. இருக்கிறேன் என்று ஒரு பதில். இவ்வளவு எளிய கேள்வியால் எத்தனை கோளாறுகள் பிடிபட்டிருக்கும்!

ஜூன் 11, புதன்

சாரல். காற்று பலமாக அடிக்கும்போது பெட்டியில் எல்ஓஎஸ் விளக்கு சிவப்பாக மின்னுகிறது. கண்ணாடி இழைக் கேபிள் வழியே ஒளி வந்து சேரவில்லை என்று அர்த்தம். இணைய நிறுவனத்துக்குப் புகார் கொடுத்தபோது இதையும் சேர்த்துச் சொன்னேன்.

ஜூன் 12, வியாழன்

லைன்மேன் தம்பி பவர் மீட்டரோடு வந்தார். வெறுமனே நெட் வரல என்று புகார் வந்தால் எதை எடுத்து வருவதென்றே தெரியாதாம். கேபிளைக் கழற்றி மீட்டரில் செருகினார். ஒளியின் அளவு மைனஸ் 29.

"மைனஸ் 27-க்குக் கீழ போனா பெட்டியால வாங்க முடியாதுக்கா."

கேபிளைப் பிடித்துக்கொண்டே மாடிக்குப் போனோம். போன மாதம் பெயின்ட் அடித்தவர்கள் அதை மடக்கி, கைப்பிடிக் கம்பியில் இறுக்கிக் கட்டியிருந்தார்கள். மயிரிழைக் கண்ணாடிக்குள் ஒளி சுவரில் பட்டுப் பட்டுத் திரும்பித்தான் ஓடுகிறது. கூர்மையாக மடங்கினால் அந்த இடத்தில் வெளியே கசிந்துவிடும். காற்று இழுக்க இழுக்க மடிப்பு இறுகி, கசிவு கூடியிருக்கிறது.

கட்டை அவிழ்த்து, உள்ளங்கை அகலத்துக்கு வளையமாக விட்டுக் கட்டினார். மைனஸ் 21. எட்டு டெசிபல் ஏறினால் ஒளி ஆறு மடங்குக்கு மேல் கூடியதாகக் கணக்கு. வெயிலிலும் சாரலிலும் கம்பம் ஏறும் இந்தப் பிள்ளைகளின் கைப்பக்குவத்துக்கு ஊர் இன்னும் உரிய மரியாதை தரவில்லை.

ஜூன் 14, சனி

மாடிவீட்டுச் சித்தி லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்தார். அவர் போனில் நெட் வருகிறது, இதில் ஒரு தளமும் திறக்கவில்லை. 8.8.8.8-க்குப் பிங் கொடுத்தால் பதில் ஒழுங்காக வருகிறது. அப்படியென்றால் பாதை திறந்துதான் இருக்கிறது. தளத்தின் பெயரை எண்ணாக மாற்றித் தரும் டிஎன்எஸ்தான் பேசவில்லை. அமைப்புக்குள் போய்ப் பார்த்தேன். பழைய அலுவலகத்தின் டிஎன்எஸ் எண்ணை யாரோ கையால் பதித்து வைத்திருந்தார்கள். அதை நீக்கித் தானியங்கிக்கு மாற்றியதும் சித்தியின் மின்கட்டணப் பக்கம் திறந்தது. கட்டிவிட்டுத்தான் காபி குடித்தார்.