துடைப்பமும் தோல் பையும்

ஜப்பான்ல வாத்தியார் வேலைன்னு சொன்னா சோளிங்கர்ல எல்லாரும் கேக்கற முதல் கேள்வி, "அவனுங்களுக்கே இங்கிலீஷ் வராதாமே, நீ போயி என்னத்தச் சொல்லித் தர்றே?" அட, அதனாலதானே எனக்கு வேலையே! :-)

பதவிக்குப் பேரு ஏ.எல்.டி. அதாவது துணை மொழி ஆசிரியர். 1987ல ஜெட்னு ஒரு அரசாங்கத் திட்டம் போட்டு வெளிநாட்டு ஆளுங்களை வரவழைக்க ஆரம்பிச்சாங்க. இப்ப தனியார் ஏஜென்சி வழியாவும் எடுக்கறாங்க; நான் அந்த வழியா வந்தவன். 2020லேர்ந்து அஞ்சாம், ஆறாம் வகுப்புக்கும் இங்கிலீஷ் முறையான பாடம்கறதால நமக்குப் பொழைப்பு ஓடுது.

நான் இருக்கறது ஹிமேஜி பக்கம். வாரத்துல மூணு நாள் நடுநிலைப் பள்ளி, ரெண்டு நாள் தொடக்கப் பள்ளி. பாடம் எடுக்கறது ஜப்பான் டீச்சர்தான். அவங்க கண்ணைக் காட்டினா நான் ஒரு வார்த்தை சொல்லணும், முப்பத்தஞ்சு பிள்ளைங்க திருப்பிச் சொல்லும். டேப் ரெக்கார்டருக்குப் பேன்ட் சட்டை மாட்டி விட்ட மாதிரி. ஷூ தைச்சு உலகத்துக்கே அனுப்பற சீமையில பொறந்தவன், இங்க வாசல்லயே ஷூவைக் கழட்டி அலமாரியில வச்சிட்டு, உள்ளே போடற வேற செருப்பை மாட்டிக்கிட்டுதான் வகுப்புக்கே போகணும்.

மதியம் சாப்பாட்டைப் பிள்ளைங்களே வெள்ளைக் குல்லா, ஏப்ரன் போட்டுக்கிட்டுப் பரிமாறும். டீச்சருக்கும் அதே சாப்பாடு, அதே பால். கறிசோறு வர்ற நாள்ல எல்லாரும் என் மூஞ்சியையே பாப்பாங்க. "சென்செய், இந்தியாவுல தினமும் கறி ரைஸா?" இனிக்கிற குழம்பை ஊத்திட்டு இந்தக் கேள்வி வேற!

சாப்பிட்டு முடிச்சதும் துப்புரவு நேரம். ஸ்பீக்கர்ல பாட்டு ஓடும். கால் மணி நேரம் மொத்தப் பள்ளியும் துடைப்பமும் ஈரத்துணியுமா இருக்கும். முறை வச்சுக் கக்கூசும் கழுவுவாங்க. டாக்டர் பையன், கடைக்காரர் பொண்ணுன்னு யாருக்கும் விலக்கு கிடையாது. டீச்சருங்களும் கூடவே குனிவாங்க.

இதைப் பாத்து முதல் மாசம் எனக்குப் புல்லரிச்சுப் போச்சு. நம்ம ஊர்ல பள்ளிக்கூடத்துல கக்கூஸ் கழுவறதுன்னா அது எந்தப் பிள்ளைங்க தலையில விழும்னு நமக்குத் தெரியும். 2022 டிசம்பர்ல பெருந்துறை பக்கம், பட்டியலினப் பிள்ளைங்களை அந்த வேலைக்கு அனுப்பினதா ஒரு தலைமையாசிரியை கைதானாங்க. 'ஜப்பான்ல இந்தச் சாபமே இல்லப்பா'ன்னு நண்பர்களுக்கெல்லாம் அளந்துக்கிட்டிருந்தேன்.

தொடக்கப் பள்ளிப் பிள்ளைங்க முதுகுல பெட்டி மாதிரி ஒரு பை இருக்கும். ராந்தோசெருன்னு பேரு. ஆறு வருஷமும் அதே பை. செயற்கைத் தோல்லயும் வருது, நிஜத் தோல்லயும் வருது. நிஜத் தோல்னா எனக்கு வாசனையே சொல்லிடும். எங்கப்பா ராணிப்பேட்டை டேனரியில இருபத்தாறு வருஷம். வாலாஜா வழியா பஸ்ல வீடு வந்து குளிச்சாலும் அந்த வாசனை போகாது. "இங்க டேனரி இருக்கா?"ன்னு ஒரு மூத்த டீச்சர்கிட்ட கேட்டேன். "பக்கத்துலயே இருக்கு"ன்னாரு. ஆனா குரலைத் தாழ்த்திச் சொன்னாரு. அந்தத் தணிஞ்ச குரல் இருக்கே, அது எனக்கு நல்லாத் தெரிஞ்ச குரல்.

ஹிமேஜி பக்கம் ஜப்பான்ல மாட்டுத்தோலுக்குப் பேர்போன இடம். தோல் உரிக்கறது, பதனிடறதுன்னு அந்தக் காலத்துலயே சிலரைத் தனியா ஒதுக்கி வச்சாங்க. புராகு மக்கள்னு சொல்றாங்க. 1871ல அரசாங்கம் ஆணை போட்டு அந்தப் பிரிவினையை ரத்து செஞ்சுது. மனசுலேர்ந்து ரத்தாகல. 1922ல அவங்களே சுய்ஹெய்ஷான்னு இயக்கம் கட்டினாங்க. 1975ல, அவங்க ஊர்ப் பேரையெல்லாம் தொகுத்துக் கம்பெனிகளுக்கு ரகசியமா வித்தது அம்பலமாச்சு. நம்ம ஊர்ல "சோளிங்கர்ல எந்தத் தெரு?"ன்னு கேப்பாங்களே, அதே கேள்விதான். ஜப்பான் பாஷையில.

இன்னொண்ணு. இங்க கட்டாயக் கல்வி முழுக்கப் பாடப் புத்தகம் இலவசம். அதுக்கான போராட்டத்தை 1961ல கோச்சியில ஆரம்பிச்சு வச்சது புராகு தாய்மாருங்க. 1963ல சட்டமாச்சு. டாக்டர் பையன் கையில இருக்கற புத்தகமும் அவங்க வாங்கித் தந்ததுதான்.

டிசம்பர்ல மனித உரிமை வாரம் வரும். ஆறாம் வகுப்புல என் ஊரைப் பத்திப் பேசச் சொன்னாங்க. யோக நரசிம்மர் மலை, 1305 படி, 2024ல வந்த ரோப் கார், பையைப் பிடுங்கற குரங்கு எல்லாம் காட்டினேன். குரங்குக்கு நல்ல கைதட்டல். கடைசியா அப்பா டேனரி வாசல்ல நிக்கற படத்தையும் போட்டேன். "எங்கப்பா தோல் பதனிடறவர். அதுக்காக எங்க ஊர்ல சிலர் எங்களைத் தள்ளி வச்சுப் பாப்பாங்க"ன்னேன். வகுப்பு அமைதியாயிடுச்சு. மூத்த டீச்சர் தரையைப் பாத்தாரு.

அன்னிக்குத் துப்புரவு நேரத்துல தாழ்வாரம் துடைச்சுக்கிட்டிருந்த ஒரு பையன், என் பக்கத்துல வந்ததும் நிறுத்தினான். வகுப்புல வாயே திறக்காதவன்.

"சென்செய், உங்க அப்பா வேலை செய்யற தோல் மொதல்ல என்ன கலர்ல இருக்கும்?"

"நீலம்."

"எங்க வீட்லயும் நீலம்தான்"ன்னான். துணியை மடிச்சுக்கிட்டுத் துடைச்சபடியே போயிட்டான்.

க்ரோம் போட்டு டிரம்லேர்ந்து எடுக்கற தோல் ஈர நீலமாத்தான் வரும். அதைக் கண்ணால பாத்தவனுக்குத்தான் அந்தக் கேள்வியே தோணும். நான் யார்கிட்டயும் சொல்லல. அவனும் அப்புறம் அதைப் பத்திப் பேசல. ஆனா இப்பல்லாம் என் வகுப்புல பதில் சொல்லக் கை தூக்கறான்.

ராத்திரி அப்பாவுக்குப் போன்ல இதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. அப்புறம் கேட்டாரு: "அந்தப் பையனோட அப்பா, கைக்கு உறை போட்டுக்கறாரா?"