தோற்றமும் வரலாறும்

எழுத்துக்கு இரண்டு வாழ்வு உண்டு. ஒன்று கண்ணுக்குத் தெரியும் வாழ்வு; மற்றொன்று கோப்பினுள் உறையும் வாழ்வு. கையெழுத்துப் படியில் இவ்விரண்டும் ஒன்றே. தாளில் எது தெரிகிறதோ அதுவே எழுத்து. கணிப்பொறியிலோ அவை வேறு வேறு. இவ்வேறுபாட்டை அறியாமையால் நல்ல நண்பர் இருவரிடையே மனக்கசப்பு நேரக்கூடும் என்பதை நம் சங்க மலரின் பணியில் கண்டேன். அதனை எழுதிவைப்பது பின்வரும் குழுவினர்க்குப் பயன்படும் என்று கருதுகிறேன்.

நிரல் எழுதுவோர் கையாளும் எடிட்டர் என்னும் கருவியை நம்மவர் பலர் அறிவர். விம், ஈமாக்ஸ், விஷுவல் ஸ்டுடியோ கோட் என அதில் வகைகள் பல. வெறும் எழுத்தை மட்டும் கோப்பில் வைப்பது அதன் இயல்பு. எழுத்துரு எது, அளவு எவ்வளவு, பின்புலம் வெள்ளையா கறுப்பா என்பனவெல்லாம் அவரவர் அமைத்துக்கொள்வன. அவை கோப்பினுள் செல்வதில்லை. ஆங்கில நிரலை மனத்திற்கொண்டு செய்த கருவியாதலால், தமிழ் எழுதுவோர் சில அமைப்புகளை மாற்றித்தான் ஆக வேண்டும். சம அகல எழுத்துரு ஆங்கிலத்துக்குப் பொருந்தும். ‘ர’வும் ‘ணை’யும் ஒரே அகலத்துள் அடங்குமா? வரி இடைவெளி நெருங்கினால் ‘கூ’வின் வாலும் ‘வீ’யின் சுழியும் வெட்டுண்டு போகும். ஆகவே நான் நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துருவை இட்டு, இடைவெளியைச் சற்றே அகட்டிக்கொண்டேன். கண் களைப்பு பாதியாயிற்று.

மலருக்கு வரும் கட்டுரைகளை நாங்கள் ஐவர் பார்க்கிறோம். யார், எப்போது, எதை மாற்றினார் என்பது தெரிய வேண்டாமா? அதற்காகக் ‘கிட்’ என்னும் பதிப்புக் காப்பு முறையைக் கொண்டோம். இத்தகைய முறை புதிதன்று. 1972-இல் பெல் ஆய்வுக்கூடத்தில் மார்க் ராச்கைண்ட் ஒன்றை ஆக்கினார். பத்தாண்டுகள் கழித்துப் பர்டியூ பல்கலைக்கழகத்தில் வால்டர் டிச்சி மற்றொன்றைத் தந்தார். லினக்ஸ் பணிக்கென லினஸ் டோர்வால்ட்ஸ் 2005-இல் எழுதியதே கிட். எடிட்டரோடு இது இணைந்துவிட்டால் வசதி பெரிது. சேர்த்த வரியின் ஓரத்தில் ஒரு நிறக்கோடு. மாற்றிய வரிக்கு வேறு நிறம். நீக்கிய இடத்தில் சிறு முக்கோணம். பழைய பதிப்பையும் புதியதையும் பக்கம் பக்கமாக வைத்துப் பார்க்கலாம். ஒவ்வொரு மாற்றத்தையும் பதியும்போது அதன் காரணத்தை ஒரு வரியில் எழுதி வைக்கலாம்.

இனி நிகழ்ந்ததைக் கூறுகிறேன். ஆராய்ச்சி மாணவர் ஒருவர் தம் ஆச்சியைப் பற்றி ஒரு கட்டுரை தந்தார். ஆச்சியின் பேச்சு முழுதும் நெல்லைச் சீமைப் பேச்சு. “அதில் ஓர் எழுத்தையும் திருத்த வேண்டாம், தம்பி. முன்னொரு முறை வேறோர் இதழில் என் ஊர்ப் பேச்சைப் புத்தகத் தமிழாக்கிவிட்டார்கள். ஆச்சி செத்தே போனாள்” என்று என்னிடம் சொல்லித்தான் கொடுத்தார். முதலாண்டு மாணவி ஒருவர் மெய்ப்புப் பார்த்தார். சில நாள் கழித்து, பதிவைக் காண வந்த ஆராய்ச்சி மாணவர் திரையைக் கண்டு திகைத்தார். ஏறக்குறைய எல்லாப் பத்தியும் மாறியதாகச் சிவப்பும் பச்சையும் பூண்டு நின்றது.

“இதற்குப் பெயர்தான் திருத்தாமல் இருப்பதோ? கட்டுரையைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்” என்றார். “அண்ணா, நான் நாலே நாலு இடத்தில்தான் கை வைத்தேன்” என்றார் அந்த மாணவி. அவர் கண் கலங்கிவிட்டது. கருவியோ அவருக்கு எதிராகச் சான்று சொல்கிறது! யாரை நம்புவது?

இரு பதிப்பையும் அருகருகே வைத்துப் படித்தேன். ‘போனாள்’ என்பது சிவப்பில். அதே ‘போனாள்’ பச்சையில். கண்ணுக்கு வேறுபாடே இல்லை. பழைய பதிப்பில் ‘போ’வுக்குப் பின் சுட்டியை நிறுத்திப் பின்னழிப்பு விசையை ஒருமுறை தட்டினேன், ‘பே’ எஞ்சியது. புதிய பதிப்பில் தட்டினேன், ‘ப’ எஞ்சியது. உண்மை விளங்கிவிட்டது.

ஒருங்குறியில் ஓகாரக் குறியை இரு வகையில் எழுதலாம். முழுக்குறியாக ஒரே எண்ணில் இடுவது ஒன்று. ஏகாரக் கொம்பையும் காலையும் தனித்தனியே இரண்டு எண்களாக இடுவது மற்றொன்று. ஒகரத்துக்கும் இதுவே முறை. இரண்டும் நிகர் என்பதே ஒருங்குறியின் விதி. திரையிலும் இரண்டும் ஒன்றாகவே தோன்றும். ஆனால் கிட் வடிவத்தைப் பார்ப்பதில்லை. உள்ளே உள்ள எண்களையே ஒப்பிடுகிறது. கட்டுரையாளர் பழைய எழுத்துருவில் தட்டி, மாற்றி ஒன்றின் வழியே ஒருங்குறிக்குக் கொணர்ந்திருந்தார்; அது குறிகளைப் பிரித்தே வைத்தது. மாணவி பயன்படுத்திய பிழைதிருத்தும் மென்பொருள் சேமிக்கையில் அவற்றைச் சேர்த்துவிட்டது. மேலும், கிட் வரி வரியாக ஒப்பிடுவது. நாம் ஒரு பத்தியை ஒரே நீண்ட வரியாக எழுதிவிடுகிறோம். எடிட்டர் அதனைத் திரையளவுக்கு மடித்துக் காட்டுவது வெறும் தோற்றமே. எனவே ஒரு ‘போ’ மாறினாலும் பத்தி முழுதும் மாறியதாகவே கணக்கு.

என்எஃப்சி என்னும் சீர்மை வடிவுக்கு இரு பதிப்பையும் கொணர்ந்து, சொல்வாரியாக ஒப்பிடச் செய்தேன். சிவப்பு வடிந்தது. எஞ்சியவை நான்கே சொற்கள். மூன்று, தட்டச்சுப் பிழைகள். நான்காவது, ஆச்சி சொன்ன ‘கெடக்கு’. அதனைப் பிழையென்று எண்ணி மாணவி ‘கிடக்கு’ ஆக்கியிருந்தார்.

கட்டுரையாளர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, “உன்னைச் சந்தேகித்துவிட்டேன், தங்கச்சி” என்றார். “கெடக்குவை நான்தான் கெடுத்தேன் அண்ணா” என்றார் அவர். பழைய சொல் நொடியில் மீண்டது. ஒருவரது நேர்மையையும் மற்றொருவரது ஆச்சியையும் ஒரே பதிவு காத்துக் கொடுத்தது.

இதன்பின் மலர்க்குழுவில் சில வழக்கங்களை வகுத்துக்கொண்டோம். வரும் கட்டுரையை முதலில் சீர்மை வடிவாக்கித் தனிப் பதிவாக இடுகிறோம். ‘சொல் எதுவும் மாறவில்லை’ என்று அதில் குறிக்கிறோம். வாக்கியத்துக்கு ஒரு வரி என்று உடைத்து எழுதுகிறோம். ஔகாரத்தின் இறுதிக் குறிக்குப் பதில் ‘ள’கரத்தைத் தட்டியிருந்தால், அதனைச் சீர்மை முறை திருத்தாது, மனிதக் கண்ணே திருத்த வேண்டும். அதையும் தனியே பதிகிறோம்.

கருவி பொய் சொல்லவில்லை. உண்மை முழுவதையும் சொல்லவும் இல்லை. ‘மாறியது’ என்று கூறிற்று. ‘கெடுத்தார்’ என்று கூறவில்லை. அந்தச் சொல்லைச் சேர்த்தவர் நாம். திரையில் நிறத்தைக் கண்டதும் ஆளைக் குற்றஞ்சாட்ட விரைவது எவ்வளவு எளிது!

அடுத்த ஆண்டு இப்பணியை ஏற்கும் நண்பர்களே, எந்த எழுத்துருவையும் எந்த நிறத்தையும் விரும்பியவாறு வைத்துக்கொள்ளுங்கள். தோற்றம் உங்களுடையது. ஆனால் கோப்பு எழுதியவருடையது. அதன் வரலாறு நம் அனைவருடையது. ஓர் எழுத்தை மாற்றினாலும் ஏன் மாற்றினோம் என்று ஒரு வரி எழுதிவிட்டு மாற்றுங்கள். அந்த ஒரு வரிக்கு ஆகும் நேரம் அரை நிமிடம். அது இல்லாமையால் இழக்கக்கூடிய நட்போ பல்லாண்டு வளர்ந்ததாக இருக்கலாம்.