காத்திருந்த கேப்டன்

'ஸ்டார் ட்ரெக்' ரசிகர்களிடம் தீராத சண்டை ஒன்று உண்டு. கிர்க்கா, பிக்கார்டா, யாரு ஒசத்தி? கிர்க் 1966இல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் வந்த முதல் தொடரின் கேப்டன், அடிதடிக்கு அஞ்சாதவர். பிக்கார்ட் 1987இல் வந்தவர், பேசியே தீர்ப்பவர். இரண்டு பேரும் வெள்ளையர்.

என்னைக் கேட்டால் சிஸ்கோ என்பேன். 1993இல் தொடங்கிய 'டீப் ஸ்பேஸ் நைன்' தொடரின் கறுப்பு நாயகன். நடித்தவர் ஏவரி புரூக்ஸ். அந்த ரெண்டு பேரும் வரும்போதே கேப்டன். இவருக்கு மூன்றாம் பருவத்தின் முடிவில்தான், 1995இல், பதவி. 'டிஸ்கவரி' தொடரின் கறுப்பு நாயகி பர்ன்ஹாமுக்கும் மூன்றாம் பருவத்தின் முடிவில்தான், 2021இல். எதிர்காலத்துலயும் நம்மாளு காத்துக் கிடக்கணுமா?

1998இல் புரூக்ஸே இயக்கிய ஒரு பகுதி. 1953, நியூயார்க். பென்னி ரஸ்ஸல் என்ற கறுப்பு எழுத்தாளன் அறிவியல் புனைகதைப் பத்திரிகையில் எழுதுகிறான். வாசகர்களுக்காகப் படம் எடுக்கும் நாளில் அவனும் அங்குள்ள பெண் எழுத்தாளரும் வர வேண்டாம் என்கிறார்கள். எழுத்து வேணும், மூஞ்சி வேண்டாம். கறுப்புக் கேப்டனைப் பற்றி அவன் எழுதிய கதையைக் கனவு என்று முடித்தால் போடலாம் என்கிறார்கள். முடித்துக் கொடுக்கிறான். அப்படியும் முதலாளி அந்த இதழையே அழித்துவிடுகிறான். பென்னிக்கு வேலையும் போகிறது. அவன் எழுதிய கேப்டன் பெயர் சிஸ்கோ.

'கொஞ்சம் மாத்திக் குடுங்க' என்ற பதிலைக் கேட்டுத் திரும்பிய எனக்கு அது வெறும் கதையாகத் தெரியவில்லை.

யாரு ஒசத்தின்னு பேசுங்க, தப்பில்ல. ரெண்டு பேரோட பட்டியலை மூடிட்டுப் பேசாதீங்க.