மாரிக்கு விடுகிற இடம்

அந்தக் கிட்டை நான் அப்பாவுக்கென்று வாங்கவில்லை. வெள்ளவத்தையில் ஒரு கடையின் கண்ணாடிக்குப் பின்னால் கண்டேன்; சம்பளம் வந்த கிழமை, வாங்கிவிட்டேன். மெல்லிய பிளைவுட் தட்டுகளில் லேசரால் வெட்டிய இருநூறுக்கு மேற்பட்ட துண்டுகள், ஒரு சின்ன மெழுகுக் கட்டி, ஒரு துண்டு சாண்ட் பேப்பர், பத்து இரும்புக் குண்டுகள். பசை வேண்டாம், ஆணி வேண்டாம். துண்டுகளைத் தட்டிலிருந்து கழற்றி ஒன்றுக்குள் ஒன்று செருகிக்கொண்டு போனால் ஒரு முழ உயரத்தில் கோபுரம் ஒன்று வரும். பிடியைச் சுற்றினால் குண்டுகள் மேலே ஏறும், வளைந்து வளைந்து ஓடிக் கீழே வரும், திரும்பவும் ஏறும். சின்ன வயதில் ஒழுங்கையில் போளை அடித்த ஆட்களுக்கு இது எப்படி ஆசை காட்டும் என்று சொல்லத் தேவையில்லை. பெட்டியில் 14 வயதுக்கு மேல் என்று போட்டிருந்தது. எனக்கு 27.

2024 நவம்பர் கடைசியில் லீவில் ஊருக்கு வந்தபோது அதையும் கொண்டு வந்தேன். அந்த மழையை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். உயர்தரப் பரீட்சையையே இடையில் நிறுத்தி வைத்த மழை. எங்கள் ஒழுங்கையில் முழங்காலளவு தண்ணீர். கரண்ட் வருவதும் போவதுமாக இருந்தது. போனில் சார்ஜ் இல்லை. மூன்றாம் நாள், வேறு வழியில்லாமல், விறாந்தையில் பாயை விரித்துப் பெட்டியைத் திறந்தேன்.

இந்த இடத்தில் வேறொரு கதை சொல்லவேண்டும்.

அப்பா தச்சுவேலை செய்தவர். "செய்தவர்" என்று எழுத ஒரு மாதிரித்தான் இருக்கிறது. வீட்டுக்குப் பின்னால் இருக்கிற கொட்டிலில் நாற்பது வருசமாக முதிரையிலும் வேம்பிலும் கதவு, யன்னல், கட்டில், அலுமாரி என்று செய்தார். என்னைப் படிப்பித்தது அந்தக் கொட்டில்தான். 2022 இல் மரம் விலை ஏறி, கரண்டும் இல்லாமல் கிடந்த மாதங்களில் அதைப் பூட்டினார். பேந்து திறக்கவில்லை. நிலைமை கொஞ்சம் சரிவந்து சனம் திரும்ப வீடு கட்டத் தொடங்கினதுதான். ஆனால் கதவுக்கு மெசினில் வெட்டுகிற இடங்களுக்குப் போனார்கள். படத்தைக் கொடுத்தால் பொழுதுபட முன்னம் தாமரையும் அன்னமும் வெட்டி வந்துவிடும்.

அந்தப் படங்களைக் கீறுவதுதான் கொழும்பில் என்னுடைய வேலை. நான் கம்பியூட்டரில் இழுக்கிற கோட்டின் வழியே எங்கேயோ ஒரு மெசின் மரத்தை வெட்டும். 2023 இல் அக்கா கொக்குவிலில் வீடு கட்டினபோது முன்கதவுக்குப் படம் கீறினதும் நான்தான். "அப்பாட்டக் கேப்பமோ?" என்று அக்கா ஒருக்கால் கேட்டவள். "அவர் ஒரு மாசம் எடுப்பார், குடிபூரலுக்கு வராது" என்று சொன்னேன். உண்மைதான், ஒரு மாதம் எடுத்திருப்பார். குடிபூரலன்று அப்பா அந்தக் கதவை இரண்டு தரம் திறந்து பூட்டிப் பார்த்தார். கீழ் ஓரத்தைப் பெருவிரலால் தடவினார். "நல்லாயிருக்கு" என்றார். அதற்குப் பிறகு அந்தக் கதவைப் பற்றி நாங்கள் இருவரும் கதைத்ததே இல்லை.

இப்ப கிட்டுக்கு வருவோம்.

முதல் இருபது படிகள் லேசாகப் போயின. அடித்தட்டு, நாலு கால்கள், குறுக்குச் சட்டங்கள். பிறகு பற்சக்கரங்களைத் தாங்குகிற பலகை வந்தது. ஆறு நாக்குகள் ஆறு துளைகளுக்குள் ஒரே நேரத்தில் இறங்கவேண்டும். இறங்கவில்லை. அமத்தினேன். இன்னும் அமத்தினேன். டக்.

"என்ன முறிஞ்சது?" அப்பா உள்ளே இருந்து கேட்டார். மழைச் சத்தத்துக்குள்ளும் அது கேட்டிருக்கிறது.

வந்து பாயில் குந்தினார். முறிந்த நாக்கைப் பார்க்கவில்லை. முறியாத ஒரு துண்டை எடுத்து யன்னல் வெளிச்சத்துக்குப் பிடித்தார். "உது என்னத்தால அறுத்தது? ஓரமெல்லாம் எரிஞ்சு கிடக்கு."

"லேசர் அப்பா. வெளிச்சம்."

"வெளிச்சமோ?"

தெரிந்தளவுக்குச் சொன்னேன். மரம் வெட்டப் பெரும்பாலும் பாவிப்பது காபனீரொட்சைட்டு லேசர். 1964 இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில், இந்தியாவில் பிறந்த குமார் பட்டேல் உருவாக்கினது. அந்த ஒளி கண்ணுக்குத் தெரியாது, செந்நிறக்கீழ் ஒளி. வில்லையால் ஒரு புள்ளிக்குக் குவித்தால் அந்த இடத்து மரம் எரிந்து ஆவியாகிப் போய்விடும். புள்ளி நகர நகரக் கோடு வெட்டுப்படும். வெட்டுகிற கோட்டுக்கும் ஒரு அகலம் இருக்கிறது, ஒரு மில்லிமீற்றரில் பத்தில் ஒரு பங்கு, இரண்டு பங்கு. அதைக் கணக்கில் எடுக்காமல் படம் கீறினால் எல்லாத் துண்டும் லொடலொடவென்று ஆடும்.

"வாள் தின்னுறது" என்றார் அப்பா. "எல்லா வாளும் தின்னும். அதுக்குத்தான் கோட்டுக்கு வெளியால அறுக்கிறது. கோடு மரத்தில நிக்கவேணும்."

நான் அலுவலகத்தில் இதற்கு ஒரு பெட்டிக்குள் இலக்கம் அடிப்பேன், அவ்வளவுதான். மூன்று வருசமாக அடிக்கிறேன். அப்பாவிடம் இதே விசயத்துக்கு ஒரு சொல் இருக்கும் என்று எனக்குத் தோன்றினதே இல்லை.

அவர் நகத்தால் துளையின் ஓரத்தைச் சுரண்டிப் பார்த்து இன்னொன்றும் கண்டுபிடித்தார். துளை ஒரு பக்கம் மயிரளவு அகலம், மற்றப் பக்கம் ஒடுக்கம். லேசர் மேலிருந்து கீழே போகும்போது வெட்டு ஒடுங்கித்தான் போகும். "அகலமான பக்கத்தால விடு, பிள்ளை" என்றார். விட்டேன். பாதி இறங்கி நின்றது.

"மாரி" என்றார். "பலகை தண்ணி குடிச்சிட்டுது."

பிளைவுட் ஊதாது என்றுதான் நான் நினைத்திருந்தேன். அடுக்குகளை ஒன்றுக்கு ஒன்று குறுக்காக வைத்து ஒட்டுவதால் நீளமும் அகலமும் அவ்வளவாக மாறாது, அது சரி. ஆனால் தடிப்பை எதுவும் பிடித்து வைத்திருக்கவில்லை. ஈரம் ஏறினால் தடிப்பு கூடும். மூன்று மில்லிமீற்றர் துளைக்குள் மூன்று மில்லிமீற்றர் பலகை போகவேண்டிய இடத்தில், ஒரு மயிரளவு கூடினாலே இறுகிவிடும்.

அப்பா எழும்பிப் போனார். இரண்டு வருசமாகப் பூட்டிக் கிடந்த கொட்டிலின் பூட்டு திறக்கிற சத்தம் கேட்டது. ஒரு சின்ன அரமும், தகரப் பேணி ஒன்றுக்குள் பசையும், ஒரு கைப்பிடி சிராம்பும் கொண்டு வந்தார். அம்மா குசினியிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் திரும்பிப் போனா.

அன்று இரவும் கரண்ட் இல்லை. மெழுகுதிரி வெளிச்சத்தில் நாக்குகளை ஒவ்வொன்றாக அராவினோம். கிட்டோடு வந்த மெழுகு எப்போதோ முடிந்துவிட்டது. அப்பா மெழுகுதிரியின் அடியை வெட்டி எடுத்துப் பற்சக்கரத்தின் ஒவ்வொரு பல்லிலும் தேய்த்தார். விளக்கக் கையேடு ஆங்கிலத்தில் இருந்தது. அவர் படத்தை மட்டும் பார்த்தார். 61 ஆம் படியில் நான் ஒரு சக்கரத்தை மறுபக்கமாகப் போட்டிருந்ததை 74 ஆம் படியில் அவர்தான் கண்டார். பதின்மூன்று படிகளைத் திரும்பக் கழற்றினோம். நான் தனியே இருந்திருந்தால் அந்த இடத்தில் பெட்டியை மூடியிருப்பேன்.

கை வேலையாக இருக்கும்போது வாய் கதைக்கும். கலிலியோவின் கதையைச் சொன்னேன். 1638 இல் வெளிவந்த அவருடைய புத்தகத்தில் இருக்கிறது. ஏறக்குறைய பன்னிரண்டு முழ நீள மரத்தில் விரலகலத்துக்குக் கொஞ்சம் கூடவாக ஒரு காடி வெட்டி, அதை வழுவழுப்பாக்கி, உள்ளே தோல்தாள் ஒட்டி, வெண்கலக் குண்டை உருட்டிப் பார்த்திருக்கிறார். துல்லியமான மணிக்கூடு இல்லாததால் பாத்திரத்திலிருந்து ஒழுகின தண்ணீரை நிறுத்து நேரத்தைக் கணித்தார். இரண்டு மடங்கு நேரம் ஓடினால் நாலு மடங்கு தூரம் போகும். நூறு தரம் செய்து பார்த்ததாக எழுதியிருக்கிறார்.

அப்பா அராவிக்கொண்டே கேட்டார்: "அந்த மரத்தை ஆர் சீவினது?"

எனக்குப் பதில் இல்லை. பாடப்புத்தகத்தில் கலிலியோவின் பெயர் மட்டும்தான் இருந்தது.

அடுத்த நாள் மத்தியானம் கோபுரம் எழும்பி நின்றது. பிடியைச் சுற்றினேன். குண்டு ஏறியது, ஓடியது, இரண்டாவது வளைவில் பாய்ந்து வெளியே போய் அலுமாரிக்குக் கீழே உருண்டது. அடுத்ததும் அப்படியே. பத்துக் குண்டில் ஏழு வெளியே.

இணைந்த கணிதத்தில் எல்லாச் சாய்தளமும் ஒப்பமானது. பரீட்சைத் தாளில் முதல் வரியிலேயே எழுதிவிடுவார்கள், நாங்கள் நிம்மதியாகச் சமன்பாடு போடுவோம். உருளுகிற திண்மக் குண்டுக்கு, ஒப்பமான தளத்தில் வழுக்குகிற பொருளின் ஆர்முடுகலில் ஏழில் ஐந்து பங்குதான் என்பதைக்கூட நான் நிறுவுவேன். ஆனால் இந்தக் குண்டு ஏன் இந்த வளைவில் பாய்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. அப்பா தலையைப் பாயில் வைத்துச் சரிந்து படுத்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு ஐந்தாறு தரம் பார்த்தார். "வேகம் கூடத்தான். ஆனா உந்த வெளிக் கரை பதிவாக் கிடக்கு. றோட்டு வளைவில வெளிப்பக்கத்தைக் கொஞ்சம் உயத்தித்தானே போடுறவங்கள்." முதிரையில் தும்பளவு மெல்லிய ஒரு சீவல் எடுத்து, வளைத்து, வெளிக் கரையில் ஒட்டினார். வெளிறின அந்த மரத்தில் மஞ்சளாக ஒரு கோடு.

பத்தில் ஒன்பது உள்ளே நின்றது. ஒன்று இப்பவும் பாய்கிறது.

"மெசின் வெட்டினது பிழையில்லை" என்றார், குண்டுகளை ஒவ்வொன்றாக மேலே ஏற்றிக்கொண்டு. "இந்த நேருக்கு எனக்குக் கை வராது. வெட்டினவனுக்கு மாரி தெரியாது, அவ்வளவுதான்." கொஞ்ச நேரம் சுற்றினார். "கொக்காவின்ர கதவும் இறுகுதாம். நேற்றுப் போனில சொன்னவள். தோளால இடிச்சுத்தான் திறக்கிறாளாம்."

என் கை நின்றுவிட்டது. அந்தக் கதவுக்கும் நிலைக்கும் நடுவில் சுற்றிவர ஒன்றரை மில்லிமீற்றர் இடைவெளி விட்டவள் நான். திரையில் பார்க்க வடிவாக இருந்தது. ஓகஸ்ட் வெயிலில் பூட்டின கதவு.

"அப்பா, உங்களுக்கு அண்டைக்கே தெரியுமோ?"

"குடிபூரலண்டே பாத்தனான்."

"ஏன் சொல்லேல்லை?"

"நீ கீறினதெண்டு சொன்னவை." குண்டு ஒன்று பாய்ந்து என் மடியில் விழுந்தது. அதை எடுத்துத் திரும்ப வைத்தார். "வந்த ஆக்களுக்கெல்லாம் கொக்கா அதைத்தானே காட்டிக்கொண்டு நிண்டவள்."

ஒழுங்கையில் தண்ணீர் வடிய இன்னும் இரண்டு நாள் எடுத்தது. நான் கொழும்புக்கு பஸ் ஏறவேண்டிய நாளுக்கு முதல் நாள் காலை, அப்பா சீவுளியைத் துணியில் சுற்றிச் சைக்கிள் கரியரில் கட்டினார். நானும் போனேன். மாரிக்குள் பூட்டுப்பக்க ஓரத்தையும் கீழ் ஓரத்தையும் கொஞ்சம் மட்டும் எடுப்போம், கூட எடுத்தால் கோடையில் வெளிச்சம் தெரியும் என்றார். அத்தானும் நானும் கதவைக் கழற்றிச் சரித்துப் பிடித்துக்கொள்ள, அவர் சீவினார். நாலு தள்ளு. நிறுத்தி, விரலால் பார்த்து, இன்னும் ஒரு தள்ளு. பிறகு சீவுளியை என்னிடம் நீட்டினார்.

"அடுத்ததை நீ எடு. பாரமா அமத்தாத."

அமத்திவிட்டேன். அந்த இடத்தில் ஒரு சின்னப் பள்ளம் இருக்கிறது. கீழ் ஓரம் என்பதால் குனிந்து பார்த்தால்தான் தெரியும்.

கதவு இப்போது பூட்டுகிறது. கோபுரத்தை அப்பா கேட்டு வைத்துக்கொண்டார். கொட்டிலில், பலகை மேசையின் மூலையில் நிற்கிறதாம். பக்கத்து வீட்டுப் பொடியன் பின்னேரங்களில் வந்து, இரண்டாவது வளைவுக்கு நேரே பேணியைப் பிடித்துக்கொண்டு இருப்பானாம். மாசி வெயில் வந்ததும் துண்டுகள் ஆடத் தொடங்கிவிட்டன என்று அம்மா போனில் சொன்னா. அதற்கு என்ன செய்யப் போகிறீர்கள் என்று அப்பாவிடம் கேட்டேன்.

"ஒண்டும் செய்யிறேல்லை. மாரி வரட்டும்" என்றார்.