நான்கு மணி நேரப் பயணம்

திருச்சிக்கும் சிங்கப்பூருக்கும் இடையே வான்வழித் தூரம் ஏறத்தாழ 3,000 கிலோமீட்டர். நேரடி விமானம் நான்கு மணி நேரத்தில் அதைக் கடந்துவிடுகிறது. "பல்லவன் ரயிலில் சென்னைக்குப் போவதைவிட விரைவு! வேண்டும்போது வந்து நிற்பேன்" என்று என் தம்பி அடிக்கடி கூறுவான்.

அவன் முதன்முதல் அங்கே சென்றது 1979-ஆம் ஆண்டில். சென்னைத் துறைமுகத்தில் 'சிதம்பரம்' கப்பலில் ஏறியவன், ஏறக்குறைய ஒரு வாரம் கழித்துத்தான் கரையிறங்கினான். 'சுகமாய் வந்து சேர்ந்தேன்' என்ற கடிதம் ஸ்ரீரங்கத்திற்கு வரும்வரை, அம்மா தினமும் தபால்காரரை எதிர்பார்த்து வாசலில் நின்றார்கள். 1985 பிப்ரவரியில் அக்கப்பல் தீக்கிரையாயிற்று. பிறகு அவன் வந்து போனதெல்லாம் விமானத்தில்தான்.

அவன் சென்ற காலத்தில் சிங்கப்பூர்க் கடிகாரம் நம்முடையதைவிட இரண்டு மணி நேரம் முந்தியிருந்தது. 1982-ஆம் ஆண்டு பிறந்தபோது அதை மேலும் அரைமணி முன்தள்ளி வைத்தார்கள். அம்மா மட்டும் கடைசிவரை இரண்டையே கூட்டினார்கள். "இப்போது அவன் சாப்பிட உட்கார்ந்திருப்பான்" என்பார்கள். அவனோ சாப்பிட்டு எழுந்திருப்பான். ஒருநாள் பூகோளப்படத்தை வைத்துக் கணக்கிட்டுப் பார்த்தேன். இரண்டு ஊர்களுக்கும் இடையே தீர்க்கரேகையில் 25 பாகை வேறுபாடு. பாகைக்கு நான்கு நிமிடமாக, சூரியன் அங்கே முந்துவது 100 நிமிடம்தான். அரசாங்கக் கடிகாரத்தைவிட அம்மாவின் கணக்கே சூரியனுக்கு அருகில் இருந்தது!

2022 டிசம்பரில் அம்மா படுக்கையில் விழுந்தார்கள். அதற்கு முன் மூன்றாண்டுகளாகத் தம்பி ஊருக்கு வரவில்லை. நான்கு மணி நேரம்தானே என்று அவனும் தள்ளிப்போட்டான், நானும் வற்புறுத்தவில்லை. அந்தக் குற்றத்தில் எனக்கும் பங்குண்டு. ஒரு மாலை ஆறு மணிக்கு, "பார்க்க வேண்டியவர்களை அழைத்துவிடுங்கள்" என்றார் மருத்துவர். உடனே தொலைபேசியில் கூப்பிட்டேன். அன்றிரவு விமானத்தில் இடமில்லை. மறுநாள் மாலை விமானத்தில்தான் கிடைத்தது. மூன்று மணி நேரம் முன்னதாகவே நிலையத்தில் போய்க் காத்திருந்தான்.

இரவு ஒன்பதரைக்குத் திருச்சியில் இறங்கினான். குடிநுழைவுச் சோதனை முடிந்து வெளியே வர ஒரு மணி நேரம். அச்சமயம் காவிரிப் பாலம் பழுதுபார்ப்பதற்காக மூடப்பட்டிருந்தது. நகரத்து வண்டிகளெல்லாம் சென்னைப் புறவழிச்சாலைப் பாலத்தை நோக்கித் திரும்பியிருந்தன. சஞ்சீவி நகர் சந்திப்பில் எங்கள் கார் அங்குலம் அங்குலமாக நகர்ந்தது. கடலைத் தாண்டி வந்தவன் காவிரியைத் தாண்ட வழியின்றிக் கைகளைப் பிசைந்தபடி உட்கார்ந்திருந்தான். ஒரு வார்த்தை பேசவில்லை. வீட்டு வாசலை அடைந்தபோது மணி பதினொன்றரை. நான் கூப்பிட்டதிலிருந்து இருபத்தொன்பதரை மணி நேரம்.

அம்மா அதற்குப்பின் மூன்று நாட்களே இருந்தார்கள். அன்றிரவு நினைவு தெளிவாக இருந்தது. அவன் கையைப் பிடித்துக்கொண்டு சுவர்க் கடிகாரத்தை நெடுநேரம் பார்த்தார்கள்.

"அங்கே இப்போது ஒன்றரை. தூங்குகிற நேரத்தில் வந்திருக்கிறாயே, ஐயா" என்றார்கள்.

"ஆமாம் அம்மா, ஒன்றரை" என்றான் தம்பி.