பரணில் வறுபட்ட விதைக்கடலை

ஓட்டைப் பிரித்துத் தகர ஷீட் போட்ட வருஷம், பரணில் வைத்த விதைக்கடலை பாதிகூட முளைக்கவில்லை. நான் மழையைத்தான் திட்டினேன். ஒரு மத்தியானம் பரணில் ஏறிய அம்மா, “விதையை வறுத்துல்லடா வெச்சிருக்கே!” என்றார்.

ஷீட்டுக்குக் கீழே ஒரு சாண் இடைவெளி விட்டு, மூங்கில் கட்டித் தென்னங்கீற்று வேய்ந்தோம். ஷீட்டின் மேலே சுண்ணாம்பு. இடைவெளியில் தங்கும் அனல் வெளியேற இரண்டு பக்கச் சுவரிலும் துவாரம். எலிக்குப் பயந்து கம்பிவலை. கீற்று தீப்பற்றும் என்பதால் கரன்ட் வயரைக் கீழே இறக்கிவிட்டோம். பரணில் இப்போது குனிந்துதான் நடக்க வேண்டும். இரண்டு மூட்டைக்கு இடம் போச்சு. போகட்டும்.

இந்தப் பட்டத்துக்கு முன் 100 கடலையை ஈரச்சாக்கில் சுருட்டி வைத்தேன். 82 முளைத்திருந்தது. அம்மா மறுபடியும் எண்ணிப் பார்த்தார்.